பொருள்: மிதிவண்டி அடி அச்சு – தொடர்பாக

சத்தத்தை முதலில் கேட்டவன் நான்தான். திருப்போரூர் கோயில் குளத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் தண்ணீர் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறி வலது காலை அழுத்தினாள். ‘டக்’ என்றது. இடது காலுக்கு ஒன்றுமில்லை. மறுபடி வலது கால், மறுபடி ‘டக்’. அவள் நெம்மேலி சாலையில் திரும்பி மறைகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். கையிலிருந்த டீ ஆறிப்போய்விட்டது.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். வார நாட்களில் பள்ளிக்கு முன் நெல்லிக்குப்பம் வரை போய்த் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நெல்லிக்குப்பம், திருப்போரூர், நெம்மேலி, அங்கிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம், பிறகு வந்த வழியே வீடு. பள்ளி விளையாட்டு விழா சைக்கிள் பந்தயத்தில் யாரோ வராததால் சும்மா கலந்துகொண்டு ஜெயித்தவள், மாவட்டத்திலும் ஜெயித்தாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. நான் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவன். எங்கள் குடும்பத்தில் வேகமாக ஓடியவர்கள் என்றால் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் மட்டும்தான். இவள் எங்கிருந்து வந்தாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சைக்கிள் பழையது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடியில் குடியிருந்த ஒருவர் தொப்பை குறைக்க ஆசைப்பட்டு வாங்கி, பால்கனியில் நிறுத்தி, கொஞ்ச நாளில் அதன்மேல் துண்டு காயப்போட ஆரம்பித்திருந்தார். அவரிடம்தான் வாங்கினோம். கார்பன் சட்டம். ஒரு கையால் தூக்கிவிடலாம். அதைத் தூக்கிப் பார்த்தபோது என் மகள் முகத்தில் தெரிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்றடிப்பதும், செயின் கழன்றால் மாட்டுவதும்தான். அந்த வண்டியில் அந்த இரண்டையும்கூட அவள் என்னைச் செய்ய விடவில்லை.

ஆகவே சத்தம் வந்ததும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

கேளம்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். முன்பு பந்தயம் ஓட்டியவர். முட்டி போன பிறகு ஸ்பானரைப் பிடித்தார். சைக்கிளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, செயினைக் கழற்றி, பெடலை ஒரு விரலால் சுற்றினார்.

“அண்ணாத்த, பி.பி. பூடுச்சு.”

“பி.பி.ன்னா எனக்கு மாத்திரை போடறதுதான் தெரியும்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். பெடல்கள் இரண்டையும் சேர்க்கிற அச்சு, சட்டத்தின் அடியில் ஒரு துளைக்குள் ஓடுகிறது. துளையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங். இந்த மொத்தத்துக்கும் பெயர் பாட்டம் பிராக்கெட். மிதிக்கிறவரின் பலம் எல்லாம் அது வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. விரலை வைத்துக்கொண்டு பெடலைச் சுற்றினால் உள்ளே ஏதோ நறநறவென்று அரைபட்டது.

“மணலு அரைக்கிற மாரி கீதா?” என்று கேட்டார். “நீங்க வண்டி வாங்குனப்ப நான் போட்டது, ஆறு மாசங்கூட ஆவல. பொண்ணு எங்க ஓட்டுது?”

“நெம்மேலி, மாமல்லபுரம்.”

“அதான். கடக்காத்து. உப்பு உள்ள பூந்துக்கும். வண்டிய கழுவுறீங்களா?”

“வாராவாரம் கழுவறோம்,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அது போதும்,” என்றார்.

எப்படிக் கழுவுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எப்படிக் கழுவினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. என் ஸ்கூட்டரைப் பல வருடமாக அங்கேதான் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஊர் சுற்றி வந்து குளிக்கப் போனதும், நான் அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போவேன். கடைக்காரர் அதை மேடையில் ஏற்றி, நுரை அடித்து, பிறகு தண்ணீர் பீச்சுகிற துப்பாக்கியை எடுப்பார். கம்ப்ரசர் சத்தத்தில் காது அடைத்துப்போகும். கடைசியில், நம் ஊரில் எல்லா வண்டிக்கும் செய்கிற மாதிரி, டீசலைப் புகையாக அடித்துத் துடைத்துக் கொடுப்பார். வண்டி கல்யாணத்துக்குக் கிளம்பியது போல மினுமினுக்கும். அதைத் தள்ளிக்கொண்டு தெருவில் வரும்போது நாலு பேர் பார்ப்பார்கள். வாரத்திலேயே எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அதுதான்.

கடல் உப்புதான் எதிரி என்று தெரிந்த பிறகு விட்டுவிடுவேனா. அடுத்த வாரம் முதல் நானே பக்கத்தில் நின்று, “அந்த அடியில, பெடல் சேர்ற எடத்துல இன்னும் நல்லா அடிங்க. உள்ள உப்பு நிக்குது,” என்று காட்ட ஆரம்பித்தேன். கடைக்காரர் துப்பாக்கியை அரையடிக்குக் கொண்டுபோய் அடிப்பார். “வுடு சார், இன்னா கீதோ எல்லாம் வெளிய வந்துரும்,” என்பார்.

புதிதாகப் போட்ட பேரிங் நான்கு மாதத்தில் போய்விட்டது. அதே ரகத்தில் இன்னொன்றைத் தற்காலிகமாக மாட்டினோம்.

இந்த இடத்தில் என் இன்னொரு வேலை பறிபோன கதையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னாலேயே போவேன். கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிற கார்கள் எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, அவளுக்கும் கார்களுக்கும் நடுவில் நான் ஒரு சுவராகப் போவதாக எனக்கு நினைப்பு. நெம்மேலி தாண்டி ஒரு நாள் ஒரு பேருந்து என்னையும் தாண்டி, அவள் முழங்கையை உரசுகிற மாதிரி போயிற்று. நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவள் தலையைக்கூடத் திருப்பாமல் மிதித்துக்கொண்டே போனாள். ஒரு தகப்பன் பின்னால் இருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: “அப்பா, இனிமே பின்னாடி வராதப்பா. உன் வண்டி சத்தத்துல வேற எந்த வண்டி வருதுன்னே எனக்குத் தெரியல. எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

நியாயமான பேச்சு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். வெயில் காலம், பசி இல்லை என்று அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு திருப்போரூர் டீக்கடை வரைக்கும்தான் எனக்கு அனுமதி. மகள் மாமல்லபுரம் போய்த் திரும்பி வருகிற வரை, அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவாள். பிறகு நான் வீட்டுக்குப் போய் சைக்கிளைக் கழுவுகிற நேரத்துக்குக் காத்திருப்பேன்.

அடுத்த ஏப்ரலில் மாநில அணிக்கான தேர்வு வருவதாகச் செய்தி வந்தது. மாமல்லபுரத்தைத் தாண்டி, கல்பாக்கம் போகிற பக்கம் சாலையை மறித்து நடத்துவார்கள். ஒவ்வொருவராகத் தனியாக ஓட்ட வேண்டும். முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். ஜூனியர் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் முதல் பெரிய பெண்களோடு ஓட்ட வேண்டும். அதில் இடம் பிடிக்க எத்தனை வருடம் ஆகுமோ, படிப்பும் கல்யாணப் பேச்சும் அதுவரை சும்மா இருக்குமோ தெரியாது. இதை அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. வீட்டில் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

அதற்குள் நல்ல பி.பி. ஒன்று போட்டாக வேண்டும். திரும்பத் திரும்பச் சாகாத, இருப்பதிலேயே உசத்தியான ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். ஒரு கோப்பு ஆரம்பித்தேன். அலுவலகத்திலிருந்து ஓர் அட்டையும் டேக் கயிறும் வீட்டுக்கு வந்தன. மேலே எழுதினேன்: ‘பொருள்: மிதிவண்டி அடி அச்சு – நீடித்து உழைக்கக்கூடியதைத் தேர்வு செய்தல் – தொடர்பாக. பார்வை: கேளம்பாக்கம் மெக்கானிக்கின் வாய்மொழி.’ அடுத்த பக்கத்தில், ‘தாங்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு, ஒன்று, உப்பு, இரண்டு, மழை, மூன்று, மணல் என்று வரிசையாக எழுதினேன்.

பி.பி. உலகத்துக்குள் இறங்கினால் கரை தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரே துளைக்கு உலகத்தில் ஏகப்பட்ட அளவுகள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் தப்பு என்கிறது. சிலவற்றில் பேரிங்கை மறை போட்டுத் திருகுவார்கள். எங்கள் சட்டத்தில் மறை கிடையாது, அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். அப்படித் தள்ளினது கொஞ்சம் தளர்ந்தாலும் சத்தம் போடும். பீங்கான் குண்டு என்கிறான் ஒருவன், வேகமாம். எஃகு குண்டு என்கிறான் இன்னொருவன், ஆயுளாம். ஒரு வெளிநாட்டுக்காரர் தன்னுடைய பி.பி. பதினைந்து வருடமாக ஓடுவதாக எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர், அதே சாமான் தனக்குப் பதினைந்து வாரத்தில் போனதாக எழுதியிருந்தார். இருவரும் பொய் சொல்பவர்களாகத் தெரியவில்லை. ரயிலில் ஊரப்பாக்கத்திலிருந்து வருகிற என் அலுவலக நண்பர், காலையில் நான் ஃபோனைப் பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், பங்கு மார்க்கெட்டா?” என்று கேட்பார்.

“ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறதுக்குக்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க,” என்றாள் என் மனைவி. அவள் பள்ளி ஆசிரியை. எதையும் இரண்டு முறை படித்தால் மூன்றாவது முறை பரீட்சைக்கு உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைப்பவள்.

மகளைக் கேட்டேன். “எது வேணா போடுப்பா. அண்ணன் சொல்றத போடு,” என்றாள். அண்ணன் என்றது மெக்கானிக்கை.

அந்த மாதங்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், நான் சைக்கிளை வெளியே தள்ளும்போது வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “அப்பா, இனிமே சர்வீஸுக்கு வேணாம்ப்பா. நானே ஈரத்துணி போட்டுத் தொடைச்சிக்கிறேன்,” என்றாள்.

“அவ்ளோ தூரம் மிதிச்சிட்டு வந்திருக்க. நீ ரெஸ்ட் எடும்மா. இதுகூடவா நான் செய்யக் கூடாது?” என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் அப்பாவின் சிரமத்தைப் பார்க்கிறவள் என் மகள் ஒருத்திதான் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து ஏதோ ஒரு வீடியோவை ஃபோனில் எனக்கு அனுப்பினாள். ரயிலில் சிக்னல் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன். பி.பி. பற்றிய வீடியோக்களை வரிசையாகப் பார்த்ததில் அது மறந்தே போய்விட்டது.

பொங்கலுக்கு முன் மெக்கானிக்கிடம் கோப்போடு போய் உட்கார்ந்தேன். மகளும் வந்திருந்தாள். எனக்குப் பீங்கான் குண்டில் ஆசை. வேகம் என்று போட்டிருந்ததே.

“அதெல்லாம் வாணாம் அண்ணாத்த,” என்றார் அவர். “உங்களுக்கு வேகம் முக்கியம் இல்ல. சீலு முக்கியம். தண்ணி உள்ள போவக்கூடாது, அம்புட்டுதான்.” ஒரு படத்தைக் காட்டினார். துருப்பிடிக்காத எஃகு பேரிங், அதன்மேல் இரட்டை ரப்பர் மூடி. இரண்டு பாதியும் துளைக்குள் ஒன்றோடொன்று மறை போட்டுக் கடித்துக்கொள்ளும். அசையாது, சத்தம் வராது. “படகுலகூட இத போடலாம்,” என்றார்.

“கடல் காத்துக்கு இது தாங்குமா?” என்று கேட்டேன்.

அவர் என் மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்துக்கும் தாங்கணும்,” என்றார்.

விலையை இங்கே எழுதவில்லை. இதை என் மனைவி படிப்பாள். சாமான் ஒரு மாதம் கழித்து வந்தது, உள்ளங்கை அகலப் பெட்டியில். அதை மாட்டி முடித்து, மெக்கானிக் பெடலை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சத்தம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மகள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் ஒன்றாவது சரியாகப் போயிற்று என்று அன்றைக்கு நினைத்தேன்.

தேர்வு வரை ஒரு ஞாயிறு விடாமல் கழுவினேன். விலையுயர்ந்த சாமான் என்பதால் கூடுதல் அக்கறை. தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டு, தனியாக ஒரு முறையும் கொண்டுபோனேன். விஷயத்தைக் கேட்ட வாட்டர் சர்வீஸ்காரர் பணம் வாங்கவில்லை. “நம்ம பொண்ணுக்குப் போட்டி,” என்று சொல்லி, அடியில் இரண்டு சுற்று அதிகமாக அடித்தார். டீசலும் தாராளமாக அடித்தார். ஓர் எலுமிச்சம்பழத்தை அவரே வாங்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.

தேர்வு நாளில் சாலை ஓரம் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்றேன். காற்று கடலிலிருந்து குறுக்காக அடித்தது. பந்தயக் காலணி போட்டுக்கொண்டதும் அவள் தன் ரப்பர் செருப்பை என்னிடம் கொடுத்திருந்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். முறை வருவதற்கு முன்னால் அவள் குனிந்து, பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவளும் காட்டினாள். அவ்வளவுதான், ஏறிப் போய்விட்டாள். போகும்போது வலது காலுக்கு அந்தச் சத்தம் வந்ததை நான் கேட்டேன். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்டேன்.

அவள் திரும்பி வருகிறவரை எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. செருப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். அதில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

ஐந்தாவதாக வந்தாள். நான்காவது பெண்ணுக்கும் இவளுக்கும் மூன்று விநாடி.

பட்டியலை ஒட்டியிருந்த பலகைக்கு முன்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. செருப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி காலணியை மாட்டிக்கொண்டு, “நான் ஓட்டிக்கினே வரேன்ப்பா. நீ பின்னாடி வா,” என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு கிடைத்த அனுமதி. மாமல்லபுரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தடவையாவது நின்று அழுதிருந்தால் பக்கத்தில் போய் நின்றிருப்பேன். அவள் நிற்கவில்லை.

அடுத்த வாரம் சைக்கிளை நான் மட்டும் கேளம்பாக்கத்துக்குக் கொண்டுபோனேன். கோபமாகப் போனேன். படகில்கூடப் போடலாம் என்றாரே, மூன்று மாதம்கூட வரவில்லையே என்று கேட்பதற்காக, கோப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் மறையைத் திருகி இரண்டு பாதியையும் வெளியே எடுத்தார். ரப்பர் மூடியை ஊசியால் நெம்பினார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக, நீர்த்துப்போன ஏதோ ஒன்று வடிந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

டீசல்.

“கடல் இல்ல அண்ணாத்த,” என்றார் மெதுவாக. “உப்பு வெளியதான் துரு ஏத்தும். அந்தத் தண்ணி ஃபோர்ஸு சீல நெம்பிகினு உள்ள பூந்துருது. அப்பால டீசலு பூந்து கிரீஸ மொத்தமா கரைச்சிருது. எந்தக் கம்பெனிக்காரன் செஞ்சாலும் இதுக்குத் தாங்காது.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். “அந்த மூணு செகண்டு இதனாலதானா?” என்று கேட்டேன்.

“அத யாரும் சொல்ல முடியாது. காத்து இருந்துச்சு. வளைவு இருந்துச்சு.”

“இருந்திருக்குமா?”

“சொல்ல முடியாது அண்ணாத்த,” என்றார் மறுபடி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவகிட்ட இத சொல்லிடாதீங்க தம்பி. நானே ஒரு நாள் சொல்லிக்கிறேன்.”

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குத் தெரியும்.”

“யாருக்கு?”

“உங்க பொண்ணுக்குத்தான். போன பேரிங் பூட்டப்பவே இங்க வந்துச்சு. அப்பா வாட்டர் சர்வீஸ்ல வுடறாரு, டீசலு அடிச்சு எடுத்துனு வராரு, இன்னா பண்றதுன்னு கேட்டுச்சு. நான் போன் போட்டு சொல்லிடட்டான்னேன். வாணாண்ணா, நானே சொல்லிப் பாத்துட்டேன்னுச்சு. பின்னாடி வராதன்னு சொன்னதுக்கே ரெண்டு நாளு சாப்பிடாம கெடந்தாரு, இதுவும் வாணாம்னு கறாரா சொன்னா இன்னா பண்ணுவாருன்னு பயந்துகினு இருந்துச்சு.” நெம்பிய ரப்பர் மூடியைக் கையில் எடுத்தார். “நல்ல சீலு வெச்சதா ஒண்ணு பாருங்கண்ணா, எங்க அப்பா கழுவறத தாங்கணும்னுச்சு. அதுக்கோசரம்தான் நான் அந்த மாடலையே புடிச்சிகினு இருந்தேன்.”

கோப்பு என் மடியில் இருந்தது. தாங்க வேண்டியவை: உப்பு, மழை, மணல். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அது என்னைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாமான் என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன். மெக்கானிக் அதே மாடலில் இன்னொன்று வரவழைப்பதாகச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

புதியது வந்து மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அவள் மாமல்லபுரம் போய்த் திரும்பினாள். இனி பெரிய பெண்கள் பிரிவு. கிளம்புகிற நேரம் இன்னும் சீக்கிரமாகியிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“என்னப்பா, போகலையா?”

“எங்க?”

“சர்வீஸுக்கு. போய்ட்டு வா. புது பேரிங்தானே.”

மறுபடியும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“மெக்கானிக் சொல்லிட்டாரும்மா,” என்றேன்.

அவள் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள்.

“நீ என்னைத் திட்டியாவது சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு தடவ சொன்னேன்ப்பா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “ஒரு தடவ வாய்ல சொன்னேன். ஒரு தடவ வீடியோ அனுப்பினேன்.”

உள்ளே போய்விட்டாள். நான் ஃபோனை எடுத்து அவளுடைய பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். பால் வாங்கி வா, ரயில் லேட், சார்ஜ் இல்லை, சாப்பிட்டியா. அவற்றுக்கு நடுவில் அது இருந்தது. மங்கலான ஒரு சைக்கிள் படம். அதன்மேல், இன்னும் இறக்கவில்லை என்பதற்கான அம்புக்குறி. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘அப்பா ப்ளீஸ் முழுசா பாரு.’

அவள் ஒரு வாளியில் தண்ணீரும் இரண்டு துணிகளும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றைப் பிழிந்து என்னிடம் கொடுத்தாள். நான் சக்கரத்தைத் துடைத்தேன், கைப்பிடியைத் துடைத்தேன், சட்டத்தைத் துடைத்துக்கொண்டே கீழே வந்தேன். பெடல் சேர்கிற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. அவள் செயினைத் துடைப்பதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க மட்டும் நான் தொடைச்சிக்கிறேன்ப்பா,” என்றாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.